சட்டத்துக்கு வெளியே நின்ற நிழல்

சாவிக்காரருக்கு முதல் அடி செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தொடையில் விழுந்தது. அப்போது அவர் ஒரு பித்தளைப் பூட்டைப் பிரித்துப் போட்டு அதன் வயிற்றுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். யார் என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் இரண்டாவதும் விழுந்துவிட்டது.

"எந்திரி," என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்ன சார் தப்பு பண்ணேன்?"

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, சாவிக்காரரின் மூக்குக்கு நேரே பிடித்தார். ஒரு ஓவியத்தின் நகல். அவர்கள் நின்றுகொண்டிருந்த அதே சதுக்கம்தான். மணிக்கூண்டு, வரிசையாக வளைவுகள், மஞ்சள் பூத்த வானம், கல் தரையில் நீளமாய்க் கிடக்கும் நிழல்கள். ஆள் அரவம் மட்டும் இல்லை.

"இதுல நீ எங்க இருக்கே, காட்டு."

சாவிக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். நேர்மையாகவே தேடினார். இருபத்திரண்டு வருஷமாக அதே சதுக்கத்தின் ஆறாவது வளைவுக்கு அடியில் உட்கார்ந்து சாவி போடுகிறவர் அவர். எங்காவது ஒரு மூலையில் இருந்திருக்க வேண்டும்.

"இல்லைங்க சார்."

"இல்லேல்ல? அப்புறம் இங்க என்ன வேலை?" என்று மூன்றாவதைப் போட்டார் இன்ஸ்பெக்டர்.

பக்கத்தில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்த குடைக்காரர் இதைப் பார்த்துச் சிரித்தார். அவர் எதைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் யோசிப்பார். யோசிப்பதற்குள் அவருக்கும் விழுந்தது.

விஷயம் இதுதான். நகர மன்றத்தின் கூட்ட அறையில் சுவர் ஒன்று வெறுமையாக இருந்தது. அதில் மாட்ட, யாரோ ஒரு டிராயிங் டீச்சர் வரைந்த இந்தப் படத்தை வாங்கினார்கள். வாங்கிய படத்துக்கு அர்த்தம் என்ன என்று ஒரு உறுப்பினர் கேட்டுத் தொலைத்தார். அர்த்தம் கண்டுபிடிக்க 'ஓவியப் பொருத்தக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். குழு பதினாலு மாதம் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை ஒன்றை இறக்கியது. ஓவியம் பிசகில்லாதது, சதுக்கம்தான் ஓவியத்திலிருந்து பல இடங்களில் விலகியிருக்கிறது, ஆகவே சதுக்கத்தைத் திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். நகர மன்றம் கை தட்டி ஏற்றுக்கொண்டது. அதை யாரும் படிக்கவில்லை.

மறுநாள் நண்பர்கள் இருவரும் மனு எழுதிக்கொண்டு குழுவின் அலுவலகத்துக்குப் போனார்கள். சாவிக்காரர் நொண்டினார். குடைக்காரர் முதுகு வளையாமல், ஏதோ கம்பியை விழுங்கினவர் மாதிரி நடந்தார்.

"மாப்ளே, உள்ள போய் நீயே பேசு. நான் வாயத் திறந்தா சிரிச்சுடுவேன்," என்றார் குடைக்காரர்.

உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நீள மேஜையின் தலைமாட்டில் குழுத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் மனநிலை நிபுணர். ஒல்லியான அம்மாள், முன்னால் தலையணை தடிமனுக்கு அவர் எழுதிய ஆய்வேடு. இடப்பக்கம் கட்டட நிபுணர். ஓய்வு பெற்ற என்ஜினியர், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாதவர். சுவரில் அந்தப் படம். வாசலில் ஒரு பியூன், கையில் வாளியும் ஈரத்துணியுமாக நின்றிருந்தான். வாளி எதற்கு என்று சாவிக்காரருக்குச் சற்று நேரத்தில் புரிந்தது.

"படத்தோட மனநிலை அமைதி," என்றார் அம்மாள். "அந்த மஞ்சளைப் பாருங்க. தியானம் பண்ற மஞ்சள்."

"தியானமும் இல்லை, மண்ணும் இல்லை," என்றார் கட்டட நிபுணர். "தூணுக்கும் தூணுக்கும் நடுவுல உள்ள இடைவெளியப் பாருங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியல. மனநிலை பயம்."

"செங்கல்லுக்கு எல்லாம் மனசு இருக்கா?"

"உங்களுக்கு இருக்கா?"

காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டு ஒன்று பறந்து வந்து அம்மாளின் நெற்றியில் பட்டது. அம்மாள் எழுந்து, ஆய்வேட்டை இரண்டு கையாலும் தூக்கி, கட்டட நிபுணரின் மூக்கின் மேல் இறக்கினார். அறுநூறு பக்கமும் ஒரே இடத்தில் இறங்கின. இருவரும் மேஜைக்கு அடியில் உருண்டார்கள். பியூன் ரத்தத்தைத் துடைத்துத் துணியை வாளியில் பிழிந்தான். தினமும் செய்கிற வேலை என்பது அவன் பிழிகிற பாங்கிலேயே தெரிந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார்.

"ரெண்டு தரப்பும் நல்லா விவாதிச்சீங்க. குழுவின் முடிவு: இந்தச் சதுக்கத்தின் மனநிலை, அச்சம் கலந்த அமைதி. எழுதிக்குங்க. ஒரு ஊர் அமைதியா இருக்கணும்னா அதுல கொஞ்சம் அச்சம் கலந்துதான் ஆகணும், மோருக்கு உப்பு மாதிரி. உப்பு எவ்வளவுங்கறது நம்ம கையில. இதுக்கு மாறான எதுவும் இனிமே அந்தச் சதுக்கத்துல நடக்காது. நடந்ததா யாராவது சொன்னா, நடக்கல."

பிறகுதான் வாசலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். மனுவை வாங்கி, பிரிக்காமல் அதை வைத்தே விசிறிக்கொண்டார். சாவிக்காரரை மேலும் கீழுமாக அளந்தார்.

"இவன் உயரம் என்ன இருக்கும்?"

"அஞ்சே முக்கால்," என்றார் கட்டட நிபுணர், மூக்கில் கைக்குட்டையோடு.

மூவரும் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வலது கீழ் ஓரத்தில், படத்துக்குள் வராத யாரோ ஒருவருடைய நிழல் மட்டும் தரையில் விழுந்திருந்தது.

"யோவ், உனக்கு வேலை போட்டுத் தரேன். நிழல் வேலை. தினம் சாயங்காலம் நாலுலேர்ந்து அஞ்சு. நீ நிக்க வேண்டியது சட்டத்துக்கு வெளியே."

சாவிக்காரர் பதறிப் போனார். "ஐயோ சார், நான் சட்டத்தை மீறினதே இல்லைங்க."

"படத்தோட சட்டம்யா, படத்தைச் சுத்தி மாட்டுவாங்களே, அந்தச் சட்டம். அதுக்கு வெளியே ஆள், உள்ளே நிழல்."

"எனக்கு சார்?" என்றார் குடைக்காரர்.

"படத்துல ஒரு நிழல்தான் இருக்கு," என்றார் தலைவர்.

வெளியே வந்ததும் குடைக்காரர் சிரித்தார். "போ மாப்ளே, நீயாவது ஒதுங்க ஒரு நிழலாச்சு." சாவிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அவர் மனைவி தொடையில் சூடான துணியை வைத்து ஒற்றடம் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் துணி வெளுக்கிறவள் அவள். யார் உடம்பு எங்கே கிழிந்தது என்று சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"நிழலா நிக்கறதுக்கு ஒரு ஆபீஸரு, அதுக்கு ஒரு ஆர்டரு. த்தூ. போய் நில்லுங்க, வேற வழி? ஆனா குடைக்கார அண்ணனை விட்டுட்டு நீங்க மட்டும் நிக்கறது எனக்கு நல்லாப் படல."

அவருக்கும் நல்லாப் படவில்லை. ஆனாலும் நின்றார்.

நிழல் வேலை லேசுப்பட்டதில்லை. தரையில் சுண்ணாம்பால் பாதம் வரைந்திருந்தார்கள். அதற்குள் நிற்க வேண்டும். அசைந்தால் இன்ஸ்பெக்டரின் தடி முழங்காலில் இறங்கும். முதல் வாரத்திலேயே முழங்கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கின. எட்டாம் நாள் தும்மினார். நிழலுக்குத் தும்மல் கிடையாது என்று தாடையில் ஒன்று விழுந்தது. கடைவாய்ப்பல் ஆடிப் போய், ஒரு வாரம் கஞ்சியாகவே குடித்தார்.

நின்ற இடத்திலிருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்தார். படத்தில் புறா இல்லை என்று மணிக்கூண்டுப் புறாக்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். அவை மழைத்துளி மாதிரி பொத்துப் பொத்தென்று விழுந்தன. டீக்கடைப் பாய்லரைக் கடப்பாறையால் பிளந்தார்கள். வெந்நீர் தெறித்து டீக்கடைக்காரரின் முன்கை தோல் உரிந்து தொங்கியது. படத்தில் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. மூன்றாம் மாடியில் ஒரு அம்மாள் துணி காயப்போட ஜன்னலைத் திறந்தாள். சாத்தச் சொன்னார்கள், சாத்த மாட்டேன் என்றாள். போலீஸ்காரர் மேலே ஏறிப் போய் அவள் விரல்கள் இருக்கும்போதே சாத்தினார். அவள் போட்ட சத்தத்தை மனநிலை நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "அச்சம் நாலு பங்கு, அமைதி ஒண்ணு. கலவை சரியா வரல. இன்னும் கொஞ்சம் அமைதியா அடிக்கணும்."

அப்புறம் கட்டட நிபுணர் வளைவுகளை எண்ணினார்.

படத்தில் ஐந்து. சதுக்கத்தில் ஆறு. மூன்று தரம் எண்ணியும் ஆறுதான் வந்தது. ஆறாவது வளைவு ஆக்கிரமிப்பு என்று தீர்மானம் போட்டார்கள். மற்ற ஐந்தும் எந்த நூற்றாண்டோ அதே நூற்றாண்டில், அதே கல்லில் கட்டியதுதான். மனநிலை நிபுணர் முதல்முறையாகக் கட்டட நிபுணரோடு ஒத்துப்போனார். "ஐந்துதான் முழுமை. ஆறாவது ஒரு பதற்றம்."

இடிப்பதற்கு நாள் குறித்து, அன்று மட்டும் சாவிக்காரரைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலை நடக்கும்போது நிழல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டுமாம். காலை வெயிலில் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தது. அதற்கும் இரண்டு அடி வாங்கினார்.

குடைக்காரரின் தகரப் பெட்டி இன்னும் ஆறாவது வளைவுக்குள் தூணோடு சங்கிலியில் கிடந்தது. எடுக்க அனுமதி கேட்டு அவர் கொடுத்த நாலு மனுவும் எங்கே போயின என்று தெரியவில்லை. இடிக்கும் இயந்திரம் முதல் அடி அடித்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் ஓடிவந்தார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா! உள்ள நாப்பது குடை இருக்கு! ஊரார் குடை! நாளைக்கு மழை வந்தா என்னைத்தானே கேப்பாங்க!"

இயந்திரத்தின் இரைச்சலில் அது ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. குடைக்காரர் குனிந்து வளைவுக்குள் நுழைந்தார். இரும்புக் கை மறுபடி மேலே போனது.

சாவிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநரின் முகம் அவருக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு கையை உயர்த்திக் கத்தியிருந்தால் போதும். வாயைத் திறக்கவும் செய்தார். பக்கத்தில் தடி சற்றே அசைந்தது. தாடை தானாக மூடிக்கொண்டது. இரண்டு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். மூன்றாவது மூச்சில் அவர் சுண்ணாம்புப் பாதத்தை விட்டு ஓடினார். அதற்குள் வளைவு இறங்கிவிட்டது.

கற்களைக் கையாலேயே புரட்டினார். அவர் முதுகில் தடி விழுந்துகொண்டே இருந்தது, அவர் புரட்டிக்கொண்டே இருந்தார். குடைக்காரரின் மார்புக்கு மேலே முகம் இருந்த இடத்தில் ஒரு கல் இருந்தது. கையில் மூன்று குடைகள். பிடியை விடுவிக்க முடியவில்லை.

சடலம் படத்தில் இல்லை என்பதால் சதுக்கத்தின் வழியே எடுத்துப் போகக் கூடாது என்று பின்சந்தில் கொண்டுபோனார்கள். குடைக்காரரின் மனைவி கோர்ட்டில் புகார் கொடுத்தாள். ஒரு மாதத்தில் குழுவின் பதில் வந்தது, முத்திரையோடு: 'ஆறாவது வளைவு ஓவியத்தில் இல்லை. இல்லாத வளைவு இடிந்து விழ இயலாது. விழாத வளைவின் அடியில் எவரும் இறக்க இயலாது. மேலும் சதுக்கத்தின் மனநிலை அச்சம் கலந்த அமைதி என்பதால் அங்கு அசம்பாவிதம் ஏதும் நடக்கவில்லை.' கோர்ட் அதை ஏற்றுப் புகாரைத் தள்ளிவிட்டது.

அவள் அந்தக் காகிதத்தை சாவிக்காரரிடம் நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியும்ணே. ஆனா புரியல. அவரு செத்தாரா இல்லையா?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த இரண்டு மூச்சு நேரத்தைப் பற்றி அவர் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அன்று இரவு வீட்டில் அவளிடம் சொன்னார். அவள் எழுந்து போய் ஆஸ்பத்திரித் துணிகளை அடித்துத் துவைத்தாள். அடிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

சதுக்கம் ஓவியத்தோடு பொருந்திவிட்டது என்று அறிவிக்க ஒரு விழா எடுத்தார்கள். சாயங்காலம் நாலு மணி. பிரமுகர்களின் நாற்காலிகள் எல்லாம் சட்டத்துக்கு வெளியே. சாவிக்காரர் சுண்ணாம்புப் பாதத்தில். மணிக்கூண்டும் ஐந்து வளைவும், உடைந்த கல்லை மூடிய புதுச் சிமெண்டும் வெயிலில் பளபளத்தன.

தலைவர் பேசினார். "சிலர் கேக்கறாங்க, மனுஷனுக்காகச் சதுக்கமா, சதுக்கத்துக்காக மனுஷனான்னு. அது ரெண்டுமே தப்பு. ரெண்டும் அறிக்கைக்காக. பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு! ஒருத்தன் குறை சொல்றானா? சொல்ல ஒருத்தன் இருந்தாத்தானே!"

கைதட்டல் அடங்கியதும் படத்தை வரைந்த டிராயிங் டீச்சரைப் பேச அழைத்தார்கள். நாற்பது வயது இருக்கும். புடவையில் சாக்பீஸ் தூள். அவருக்கு ஒன்றும் தெரியாது. பொன்னாடை போர்த்துகிறோம் என்று அழைத்து வந்திருந்தார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று சதுக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாரும் எங்கே?" என்றார்.

முன்வரிசையில் யாரோ கை தட்டினார்.

"எனக்கு மனுஷங்களை வரைய வராதுங்க. விரல் எல்லாம் கேரட் மாதிரி வந்துடும். பசங்க சிரிப்பாங்க. அதான் ஆளுங்களைப் போடல. அன்னைக்கு இங்க நிக்க இடம் இல்லாம ஜே ஜேன்னு இருந்துச்சு. அந்த நிழல் என்னோடதுதான், நின்னுக்கிட்டே வரைஞ்சேன். பல் வலி வேற. சீக்கிரம் முடிச்சுட்டுப் போகணும்னு மஞ்சளை அப்பிட்டேன்." திரும்பி வளைவுகளை எண்ணினார். "ஆறாவது எங்கே? அது படம் வரையற துணி பத்தலைன்னு விட்டதாச்சே! அஞ்சோட துணி முடிஞ்சு போச்சுங்க!"

மனநிலை நிபுணர் முகம் வெளுத்து எழுந்தார். "படைப்பாளிக்கும் படைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. இந்தம்மா இந்த ஓவியத்துக்கு அந்நியம்."

"அப்புறம் என்ன?" என்றார் தலைவர் இன்ஸ்பெக்டரிடம். "இவங்க படத்துல இருக்காங்களா?"

இன்ஸ்பெக்டர் நகலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, டீச்சரின் தோளில் தடியை இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் ஒலிபெருக்கியில் சதுக்கம் முழுக்கக் கேட்டது. கீழே விழுந்தவரின் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போக மனநிலை நிபுணர் குனிந்தார். தலைவர் ஒலிபெருக்கியைச் சரிசெய்து, "விழா தொடர்கிறது," என்றார்.

இந்தத் தடவை சாவிக்காரர் மூச்சு எதையும் எண்ணவில்லை. சுண்ணாம்புப் பாதத்திலிருந்து மேடைக்குப் பதினைந்து எட்டு. வீங்கிய முழங்காலோடு அதை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷம் அரம் பிடித்துக் காய்த்துப் போன வலது கையை மடக்கி, தலைவரின் வாயில் முழு பலத்தோடு குத்தினார். தலைவர் நாற்காலியோடு மல்லாந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் முழுசாகப் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் இரண்டு நாள் அடித்தார்கள். இடது விலா எலும்பு மூன்று முறிந்தது. ஒரு காது கேட்காமல் போனது. வலது கைவிரல்களைத் தனியாகக் கவனித்தார்கள்.

ஆனால் கோர்ட்டுக்குப் போகும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது. மனைவியிடம் சொன்னார்: "நான் அடிச்சேன்னு ஒத்துக்கப் போறேன். சதுக்கத்துல அடிதடி நடந்துச்சுன்னு ஒரு தடவை எழுதிட்டாங்கன்னா போதும். அப்ப அவன் செத்ததையும் எழுதித்தானே ஆகணும்?"

நீதிபதிக்கும் அதே யோசனை வந்திருந்தது. கோப்பைப் புரட்டியவர் புருவத்தை உயர்த்தினார்.

"தலைவர் அவர்களே, போன மாசம் ஒரு அம்மாவோட புகாரைத் தள்ளினேன். அந்தச் சதுக்கத்துல எதுவும் நடக்காதுன்னு நீங்க கொடுத்த பதிலை வெச்சு. இப்ப உங்களை அதே சதுக்கத்துல அடிச்சதா எழுதினா, அதையும் திரும்ப எடுக்கணும். ரெண்டும் ஒரே சதுக்கம். எப்படி வசதி?"

தலைவர் சாட்சிக் கூண்டில் நின்றார். மேல் உதடு தைத்திருந்தது. நாக்கால் முன்வாயைத் துழாவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். கட்டட நிபுணர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

"யாரும் அடிக்கலீங்க," என்றார் தலைவர். பல் இல்லாத இடத்தில் காற்று சீறியது. "நானா விழுந்தேன். மேடையோட கட்டட அமைப்பு அப்படி."

"நான் அடிச்சேன் சார்!" என்று சாவிக்காரர் கத்தினார். "எழுதிக்குங்க! நான்தான் குத்தினேன்! இத்தனை பேர் பாத்தாங்க!"

"அமைதி. குற்றம் நடக்கல. நீங்க விடுதலை."

"எனக்கு விடுதலை வேணாம் சார்! ஜெயில்ல போடுங்க! அடிச்சேன்னு எழுதிட்டுப் போடுங்க!"

நடக்காத குற்றத்தை ஒத்துக்கொண்டு கோர்ட்டின் நேரத்தை வீணடித்ததற்காக இரண்டு காவலர்கள் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் போய் வெளிப் படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள். முறிந்த விலா மறுபடி நொறுங்கியது.

படிக்கட்டின் கீழே குடைக்காரரின் மனைவி நின்றிருந்தாள். சாவிக்காரரின் மனைவி ஓடிவந்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"விட்டுட்டாங்கம்மா. நான் அடிச்சதே இல்லைங்கறாங்க." அவர் விலாவைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு உன் புருஷன் உள்ள போனதை நான் பாத்தேன்மா. கத்தியிருக்கணும். கத்தல. அதான் இன்னைக்கு இதையாவது..."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாவிக்காரரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு குடைக்காரரின் மனைவி சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கைண்ணே?"

அவர் கட்டுப்போட்ட வலது கையைக் காட்டினார். அவள் அதை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சும்மா," என்றார் சாவிக்காரர். "ரெண்டு பல்லு."